கல்லறையருகே வரும் மன்னிப்பு

1853ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தில் ‘ரூத்’ என்னும் நாவல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. வெளிவந்த சில நாள்களுக்குள் மான்செஸ்டர் நகரத்துக் குடும்பத் தலைவர் இருவர் அதன் முதல் தொகுதியைத் தீயிலிட்டனர். மூன்றாமவர் ஒருவர் தம் மனைவி அதைப் படிக்கக் கூடாதென்று தடை விதித்தார். இலண்டன் நூலகம் ஒன்று அந்நூலைத் தன் அடுக்கிலிருந்து அகற்றியது. இவ்வாறு செய்தவர்களைக் கடவுள் மறுப்பாளர் என்றோ கயவர் என்றோ எண்ணிவிட வேண்டா. எரித்த இருவரும் ஞாயிறுதோறும் ஆலயம் சென்று வழிபட்ட கண்ணியமானவர்கள். நாவலை எழுதிய பெண்மணி அந்த ஆலயப் போதகரின் மனைவி. எரித்தவர்கள் ஆலயத்தில் அவருக்கு அடுத்த இருக்கையினர். அவர்களுடைய பார்வையின்கீழ் அமர்ந்திருக்கவே கூச்சமாக இருக்கிறது என்று அவர் தம் தோழிக்கு மடல் எழுதினார். மரத்தில் கட்டப்பட்டு அம்புகளுக்கு இலக்கான புனித செபஸ்தியாரின் நிலை தமக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அப்படி என்ன தீமை அந்நூலில் இருந்தது? ஆபாசமான சொல் ஒன்றும் அதில் இல்லை. பெற்றோரை இழந்த தையற்காரச் சிறுமி ஒருத்தி செல்வந்த இளைஞன் ஒருவனால் ஏமாற்றப்படுகிறாள், கைவிடப்படுகிறாள், மணமாகாமலே தாயாகிறாள். ஒரு போதகர் அவளைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார். அவள் தன் மகனை நல்லவனாக வளர்க்கிறாள்; ஊருக்கும் தொண்டு செய்கிறாள். இவ்வளவே கதை. எரித்தவர்களின் கண்ணை உறுத்தியது அவள் விழுந்தாள் என்பதா, எழுந்தாள் என்பதா? விழுந்த பெண்களைப் பற்றி அந்நாளில் அச்சேறிய கதைகளுக்குக் குறைவில்லை. எழுந்தவளைப் பற்றி எழுதுவதே அரிதாக இருந்தது.

எலிசபெத் காஸ்கல் என்னும் இந்த எழுத்தாளரை நம் கத்தோலிக்க இல்லங்களில் படிக்க வேண்டும் என்று சொன்னால் இரு வகை மறுப்புகள் எழும். அவர் கத்தோலிக்கர் அல்லரே என்பது ஒன்று. வளர்ந்த பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இத்தகைய கதை எதற்கு என்பது மற்றொன்று. இவ்விரு மறுப்புகளோடும் வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் வழக்கு ஒரு நாவலோடு முடிவதன்று. மன்னிப்பு என்ற சொல்லை நாள்தோறும் செபத்தில் உச்சரிக்கும் நாம், அதை யாருக்கு, எப்போது, என்ன விலைக்குத் தருகிறோம் என்பதே உண்மையான வழக்கு.

புறாவும் கழுகுகளும்

1934இல் ஆங்கிலத் திறனாய்வாளர் டேவிட் செசில் விக்டோரியா காலத்துத் தொடக்க நாவலாசிரியர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சார்லட் பிராண்டியையும் ஜார்ஜ் எலியட்டையும் கழுகுகள் என்றும், காஸ்கலை ஒரு புறா என்றும் வருணித்தார். குடும்பப் பாங்கான, மென்மையான பெண்மணி என்பது அதன் பொருள். ‘கிரான்ஃபோர்டு’ என்ற நாவலில் சிற்றூர் மூதாட்டிகளின் தேநீர் விருந்தை அழகாக வரைந்தவர் என்ற அளவில் பலர் அவரை நிறுத்திவிட்டனர். ‘திருமதி காஸ்கல்’ என்று கணவர் பெயரால் மட்டுமே நெடுங்காலம் அவரைக் குறித்ததும் இந்தப் பார்வையின் விளைவே.

அவரது வாழ்வைச் சற்றே புரட்டினால் இந்தப் புறாவின் அலகு எவ்வளவு கூரியது என்பது தெரியும். 1810 செப்டம்பர் 29ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த செல்சியில் பிறந்தார். ஏறத்தாழ ஓராண்டில் தாயை இழந்தார். செசயர் மாவட்டத்தின் நட்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் அத்தையின் வீட்டில் வளர்ந்தார். உடன்பிறந்த ஒரே அண்ணன் கடற்பயணம் சென்று திரும்பாமலே போனார். 1832இல் மான்செஸ்டர் கிராஸ் தெரு ஆலயத்தின் போதகர் வில்லியம் காஸ்கலை மணந்தார். முதற்குழந்தை இறந்தே பிறந்தது. 1845இல் ஒரே மகன் ஓராண்டு நிறையுமுன் செங்காய்ச்சலில் இறந்தான். அந்தத் துயரத்தை ஆற்ற ஏதேனும் எழுதும்படி கணவர் தூண்டியதன் விளைவே 1848இல் வெளிவந்த ‘மேரி பார்ட்டன்’. பருத்தி ஆலைத் தொழிலாளரின் பசியை அந்நாவல் அவர்கள் பக்கம் நின்று பேசியது. ஆலை முதலாளிகள் சினந்தார்கள். அவர்களுள் சிலர் கணவரின் ஆலயத்திலேயே வழிபட்டவர்கள். அதாவது, தம் குடும்பத்தின் சோற்றுக்கு வழி செய்த சபையாரைச் சினமூட்டும் நூல்களை இரு முறை துணிந்து எழுதியவர் இந்தப் ‘புறா’.

காஸ்கல் தம்பதியர் யூனிட்டேரியன் பிரிவைச் சார்ந்தவர்கள். மூவொரு இறைவன் என்னும் மறையுண்மையை அப்பிரிவினர் ஏற்பதில்லை. இதை மறைப்பதற்கில்லை, சிறிய வேறுபாடென்று மழுப்புவதற்குமில்லை. ஆயின், நல்ல சமாரியர் உவமையை ஆண்டவர் யாரிடம் சொன்னார்? சமாரியரின் கோட்பாடு பிழையானது என்று உறுதியாக நம்பிய ஒரு திருச்சட்ட அறிஞரிடம். குருவும் லேவியரும் விலகிச் சென்ற பாதையில், கோட்பாட்டில் பிழைபட்டவர் என்று கருதப்பட்டவரே காயமுற்றவரின் அருகில் சென்றார். அந்தச் சமாரியரின் கோட்பாட்டை ஆண்டவர் அங்கே சரியென்று தீர்ப்பளிக்கவில்லை; அவர் செய்தவாறே செய்யுமாறு கேள்வி கேட்டவரை அனுப்பிவைத்தார். கோட்பாட்டில் நம்மிடமிருந்து வெகு தொலைவில் நின்ற ஒரு பெண், யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்துக்கு நம்மினும் அருகில் நின்றார் என்றால், வெட்கப்பட வேண்டியவர் யார்?

சிறையில் கண்ட சிறுமி

‘ரூத்’ வெறும் கற்பனையில் முளைத்த கதையன்று. 1850 சனவரி 8ஆம் நாள் காஸ்கல் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்சுக்கு ஒரு மடல் எழுதினார். மான்செஸ்டரின் நியூ பெய்லி சிறையில் தாம் சந்தித்த பதினாறு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றியது அம்மடல். அவள் அயர்லாந்துப் போதகர் ஒருவரின் மகள். இரண்டு வயதில் தந்தையை இழந்தவள். தாயின் அன்பை அறியாதவள். அனாதைப் பள்ளியில் வளர்ந்து தையற்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தாள். அங்கு நோயுற்றபோது மருத்துவம் பார்க்க அழைக்கப்பட்டவரே அவளைக் கெடுத்தார். படிப்படியாகத் தெருவுக்குத் தள்ளப்பட்டாள். திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்கு வந்தாள். சிறையில் ஒருநாள் அவளைப் பார்க்க மருத்துவர் வந்தார். அவரைக் கண்டதும் அவள் மயங்கி விழுந்தாள். அவளைக் கெடுத்த அதே மனிதர்தாம் அந்தச் சிறையின் மருத்துவர்!

இந்த ஒரு காட்சியில் அக்காலத்து அறநெறி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரே செயலில் பங்குகொண்ட இருவருள் ஒருத்தி கைதி. மற்றவர் அரசு ஊதியம் பெறும் அலுவலர். சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம், மணமாகாத தாயின் குழந்தையைக் காக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே சுமத்தியது. குழந்தையின் தந்தையிடம் வாழ்வுப்பொருள் கோரி அவள் தானே நீதிமன்றம் செல்லும் உரிமை 1844இல்தான் கிடைத்தது.

டிக்கன்சும் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்னும் செல்வச் சீமாட்டியும் இத்தகைய பெண்கள் வெளிநாட்டில் புதுவாழ்வு தொடங்க வழிசெய்யும் இல்லம் ஒன்றை 1847 முதல் நடத்திவந்தனர். அதனால்தான் காஸ்கல் டிக்கன்சின் உதவியை நாடினார். முடிவில் அச்சிறுமி ஒரு குடும்பத்தாரின் துணையோடு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பிவைக்கப்பட்டாள். சிறைக்குச் சென்று பார்த்தார். அவளுக்கென ஒரு வழியைத் தேடினார். கப்பலேறும் வரை கைவிடவில்லை. அதன் பிறகே நாவல் எழுதினார். சிறையிலிருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் டிக்கன்ஸ் தொடங்கிய இதழின் முதல் வெளியீட்டில் காஸ்கலின் ‘லிசி லீ’ என்ற கதை இடம்பெற்றது. வீட்டைவிட்டுப் போன மகளின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாதென்று தடுத்த தந்தை, கிறிஸ்து பிறப்பு நாளில் இறக்கும் தறுவாயில் அவளை மன்னிக்கிறார். தாயோ அவர் இறந்த பின் மான்செஸ்டர் தெருக்களில் இரவிரவாக மகளைத் தேடி அலைகிறாள். காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் ஆயர் அங்கே ஒரு கிராமத்துத் தாயின் உருவில் நடக்கிறார்.

பிராட்ஷாவின் இருக்கை

‘ரூத்’ நாவலின் வில்லன் யார்? அவளைக் கெடுத்த பெல்லிங்ஹாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் உள்ளீடற்றவன். தாய் சொன்னதும் அவளை விட்டுப் போகிறான். பல ஆண்டு கழித்துப் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்க வேறு பெயரோடு அதே ஊருக்கு வருகிறான். காஸ்கல் தம் கூரிய பார்வையைச் செலுத்துவது பிராட்ஷாவின்மேல். அவர் ஊரின் பெரிய வணிகர். ஆலயத்தின் முதன்மைக் கொடையாளர். போதகர் பென்சனின் சபையில் முதல் மனிதர். ரூத்தைத் துணையிழந்த கைம்பெண் என்று நம்பித் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக அமர்த்துகிறார். அவளது பண்பைப் புகழ்கிறார். ஆண்டுகள் கழிகின்றன. உண்மை ஒருநாள் வெளிப்படுகிறது. நேற்றுவரை தம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக இருந்தவளை அன்றே வீட்டைவிட்டுத் துரத்துகிறார். அவளது குற்றமறியாப் பிள்ளையையும் சுடுசொல்லால் தாக்குகிறார். அவளுக்கு அடைக்கலம் தந்த போதகரின் ஆலயத்துக்கே வர மறுக்கிறார். ஞாயிறுதோறும் பிராட்ஷா குடும்பத்தின் இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரூத் மாறவில்லை. நேற்று அவள் செய்த பணியும் இன்று அவள் செய்யும் பணியும் ஒன்றே. மாறியது ஊருக்குக் கிடைத்த ஒரு செய்தி மட்டுமே. ஒருவருடைய வாழ்வைக் கண்ணால் கண்டு அறிந்த பின்னும், காதில் விழுந்த ஒரு சொல்லால் அதை முழுவதும் அழித்துவிட முடியுமென்றால், நாம் அதற்கு முன் கண்டது எதை? இதே பிராட்ஷாவின் சொந்த மகன் போதகரின் கையொப்பத்தைப் போலியாக இட்டு அவருடைய பங்குப் பத்திரத்தை விற்றுவிடுகிறான். கடுமையான ஒழுக்கத்தின் பெயரால் அச்சுறுத்தி வளர்க்கப்பட்ட பிள்ளை, அச்சத்தால் நல்லவனாகவில்லை, மறைப்பதில் தேர்ந்தவனானான். ரூத்தின் மகன் லெனார்டோ உண்மையைத் தாயின் வாயாலேயே கேட்டு, அதன் சுமையைத் தாங்கி, நேர்மையாளனாக வளர்கிறான்.

அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் ரூத்தின் பக்கம் நிற்கிறாள். அவள் பிராட்ஷாவின் மகள் ஜெமிமா. ரூத்தின் மேல் முன்பு பொறாமை கொண்டிருந்தவள் அவள். மறைபொருளை முதலில் அறிந்தும் வெளியிடாமல் காத்தவள். தந்தை சினந்து துரத்தும் வேளையில் ரூத்தின் கையைப் பற்றிக்கொண்டு அருகில் நிற்கிறாள். ரூத்துக்கு நேர்ந்த சூழல் தனக்கு நேர்ந்திருந்தால் தானும் அவ்வாறே ஆகியிருக்கலாம் என்ற உணர்வு அவளுக்கு எழுகிறது. வளர்ந்த பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்நூல் எதற்கு என்று கேட்போர்க்கு ஜெமிமாவே விடை. நம் பெண் பிள்ளைகள் எச்சரிக்கையோடு வளர வேண்டும் என்று விரும்புகிறோம், நல்லது. வீழ்ந்த மற்றொருத்தியின் கையைப் பற்றும் துணிவோடு அவர்கள் வளர வேண்டும் என்று எத்தனை பெற்றோர் விரும்புகிறோம்?

பொய் யாருடையது?

இந்நாவலின்மீது அன்றே எழுந்த ஒரு மறுப்பு பொருட்படுத்தத்தக்கது. ரூத்தைக் கைம்பெண் என்று ஊருக்குச் சொல்லும் பொய்யைப் புனைபவள் போதகரின் தமக்கை. போதகரும் உடன்படுகிறார். வேலைக்காரி சாலி ரூத்தின் நீண்ட கூந்தலை வெட்டிக் கைம்பெண்ணின் தொப்பியை அணிவிக்கிறாள். இறைப்பணியாளர் பொய் சொல்லலாமா?

கூடாது. எந்த நன்மைக்காகவும் பொய் ஆகாது என்று புனித அகுஸ்தினார் கடுமையாகக் கற்பித்திருக்கிறார். காஸ்கலும் அப்பொய்யை நியாயப்படுத்தவில்லை. அதைப் பிழையென்றே காட்டுகிறார். அதன் தீய விளைவுகளைப் போதகரும் ரூத்தும் முழுவதும் சுமக்கும்படி வைக்கிறார். ஆனால் அவர் அதோடு நிற்பதில்லை. அப்பொய்யைச் சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு நல்ல மனிதரைத் தள்ளியது எது என்றும் கேட்கவைக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது. குழந்தைக்கு விளையாட்டுத் தோழர் கிடைக்கமாட்டார். ஆலயத்தில் அமர இடம் கிடைக்காது. உண்மைக்கு இவ்வளவு பெரிய தண்டனை வைத்திருக்கும் ஒரு சமூகம், தன்னிடம் பொய் சொல்லப்பட்டதே என்று வருந்தத் தகுதியுடையதா? சொன்ன நாவுக்கு உரியது பொய்யின் ஒரு பாதி. மறு பாதி, உண்மையைக் கேட்கத் திராணியற்ற செவிகளுக்கு உரியது.

பெல்லிங்ஹாம் மீண்டும் வந்து ரூத்தை மணக்க முன்வருகிறான். ஊரார் பார்வையில் இதைவிட நல்ல தீர்வு ஏது? ரூத் மறுத்துவிடுகிறாள். தன் மகன் அவனைப் போல் ஆகிவிடக் கூடாது என்பதே அவளது உறுதி. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதை நீதியென்று கருதும் ஊர்ப் பஞ்சாயத்துகளின் முறையை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்த நீதியில் மானம் காப்பாற்றப்படுவது குடும்பத்துக்கு. வாழ்நாள் முழுவதும் விலை கொடுப்பது அந்தப் பெண். திருமணம் என்னும் அருட்சாதனத்தைக் கறை நீக்கும் சவர்க்காரமாகப் பயன்படுத்துவது அந்த அருட்சாதனத்துக்கே இழுக்கு. அகத்தூண்டுதலும் புற வற்புறுத்தலும் இன்றித் தரப்படும் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பது நம் திருச்சபையின் போதனை. இதை 1853இல் ஒரு யூனிட்டேரியன் பெண் நாவலில் சொல்லிவிட்டார்.

ரூத் ஏன் சாகவேண்டும்?

இவ்வளவு சொன்ன பின் காஸ்கலோடும் ஒரு வழக்கு உண்டு. எக்கில்ஸ்டன் நகரில் கொள்ளைக் காய்ச்சல் பரவுகிறது. மற்றவர்கள் அஞ்சி விலகும்போது ரூத் காய்ச்சல் மருத்துவமனையில் செவிலியாகிறாள். மருத்துவமனை வாசலில் கூடிய ஏழைகள் அவளை வாழ்த்துவதை மகன் காதாரக் கேட்கிறான். கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பெல்லிங்ஹாமும் நோயில் விழுகிறான். ரூத் அவனுக்கும் பணிவிடை செய்து, அவன் பிழைக்க, அதே காய்ச்சலில் தான் இறக்கிறாள். ஊர் முழுவதும் அழுகிறது. பிராட்ஷாவும் கல்லறையருகே வந்து, அழுதுகொண்டிருக்கும் லெனார்டைத் தேற்றி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்.

கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே அறிந்த சார்லட் பிராண்டி, அவள் ஏன் சாகவேண்டும் என்று காஸ்கலிடமே கேட்டார். கேள்வி நியாயமானது. எலிசபெத் காஸ்கல் தம் துணிவின் எல்லையை அங்கே அடைந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. எரிக்கப்போகிறவர்களின் முகங்களை அவர் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும். ஆனாலும் அவர்கள் மனம் இளகவில்லை. சாவு என்னும் காணிக்கையைப் பெற்றுக்கொண்ட பின்னும் எரித்தார்கள்.

நற்செய்தி இந்த முடிவை அறியாது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர் சாவிலிருந்து மீட்டு உயிரோடு அனுப்பினார். கல்லைக் கீழே போட்டவர்கள் அவள் சாகும்வரை காத்திருந்து பிறகு மாலை சூட்டவில்லை. மும்முறை மறுதலித்த பேதுரு உடனே மறைசாட்சியாகி மடிந்துதான் மன்னிப்புப் பெறவேண்டும் என்று உயிர்த்த ஆண்டவர் கேட்கவில்லை. ஏரிக்கரையில் காலை உணவு தந்து, ஆடுகளை ஒப்படைத்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் விதிக்கும் பரிகாரம் எதுவும் மரணமாக இருப்பதில்லை. ஊதாரி மகனின் விருந்து அவன் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. ஒருத்தி இறந்த பின் அவளுக்காக அழுவது மன்னிப்பு ஆகாது. அது நாம் நமக்கே தந்துகொள்ளும் ஆறுதல். உயிரோடிருப்பவள் நம் அடுத்த இருக்கையில் வந்து அமரும்போதுதான் மன்னிப்பின் உண்மை சோதிக்கப்படுகிறது.

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படிக்கும் கத்தோலிக்கர் சிலர், பிரிவினைச் சபையாரின் கடின மனத்தைக் கண்டு உள்ளூர மகிழக்கூடும். அவசரம் வேண்டா. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலொன்றை 1966 வரை வைத்திருந்தது நம் திருச்சபை. அதுவும் சிறிய செய்தி. நூல்களைவிட அருமையானவை எரிந்த வரலாறு நமக்குண்டு.

அயர்லாந்து கத்தோலிக்க நாடு. அங்கே மகதலேனா சலவை இல்லங்கள் என்று பெயரிட்ட நிறுவனங்களைத் துறவற சபைகள் நடத்தின. 1922 முதல் கடைசி இல்லம் மூடப்பட்ட 1996 வரை ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் அவற்றினுள் சென்று ஊதியமின்றி உழைத்தனர் என்று 2013இல் வெளிவந்த அரசு அறிக்கை தெரிவித்தது. மணமாகாத தாய்மார்க்கான இல்லங்களைப் பற்றிய மற்றோர் ஆணையம் 2021 சனவரியில் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. அது ஆராய்ந்த 18 நிறுவனங்களில் சுமார் 56,000 தாய்மார் தங்கியிருந்தனர். சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தனர். அர்மாகு பேராயர் ஏமன் மார்ட்டின் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உயிர்ப்பின் முதற்சாட்சியான மகதலா மரியாவின் பெயரை ஒரு சிறைக்கூடத்தின் வாயிலில் எழுதிவைத்த குற்றத்துக்கும் சேர்த்தே அம்மன்னிப்பு தேவைப்பட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அப்புனிதையின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

கன்னியரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுப் பொதுநிலையினர் கைகழுவ முடியாது. அந்த வாயில் வரை பல பெண்களை அழைத்துச் சென்று விட்டவர்கள் அவர்களுடைய தந்தையரும் தமையன்மாருமே. ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் அவர்கள். பிராட்ஷா எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்.

திருச்சபை கற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திருமண உறவுக்கு வெளியே பிறந்த ஆண்மகன் குருத்துவம் பெறத் தடை வைத்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. அன்று லெனார்டு ஒருவன் நம்மிடையே இருந்திருந்தால் பீடமேறத் தனி அனுமதி பெறவேண்டியிருந்திருக்கும். இன்று அவன் எவரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. மணமாகாத தாயின் குழந்தைக்குத் திருமுழுக்கு மறுக்கும் குருக்களை, அன்று போனஸ் ஐரஸ் பேராயராக இருந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2012இல் வெளிவேடக்காரர் என்றே கண்டித்தார்.

சட்டம் திருந்திவிட்டது. நாக்கு திருந்தியதா? நம் மொழியில் அந்தப் பெண்ணுக்கு ‘கெட்டுப்போனவள்’ என்று ஒரு பெயர் உண்டு. தயிரையும் பாலையும் பற்றிச் சொல்வது போன்ற பெயர். கெட்டது மீண்டும் நல்லதாகாது என்ற தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆணுக்கோ, சேற்றைக் கண்ட இடத்தில் மிதித்துத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கழுவிக்கொள்ளும் உரிமையைப் பழமொழியாகவே வழங்கியிருக்கிறோம். அவன் கால் கழுவிய தண்ணீரைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் குடிக்கிறாள். திருமுழுக்கு நாளில் தந்தை பெயர் கேட்கப்படும்போது அருகில் நிற்போர் பரிமாறும் பார்வை, அன்பியக் கூட்டத்தில் அவள் வந்ததும் திடீரென நின்றுபோகும் பேச்சு, அவள் தங்கைக்கு வரன் பார்க்க வந்தவர்கள் காதில் ஓதப்படும் சொல் — இவை எவற்றையும் திருச்சபைச் சட்டம் கற்பிக்கவில்லை. நாமே கற்பித்துக்கொண்டவை.

காஸ்கல் தம் நாயகிக்கு ரூத் என்று பெயரிட்டார். மோவாபு நாட்டிலிருந்து வந்து பிறர் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் பெயர் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஆண்டவரின் மூதாதையர் வரிசையில் இருக்கிறது. தாமாரின் பெயரும், இராகாபின் பெயரும், உரியாவின் மனைவி என்ற குறிப்பும் அதே வரிசையில் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் அந்தப் பகுதி நம் ஆலயங்களில் வாசிக்கப்படும்போது, பெயர்கள் கடினமாயிருக்கின்றன என்று நாம் கவனமின்றி அமர்ந்திருக்கிறோம். எந்தக் குடும்பமும் தன் வரலாற்றிலிருந்து மறைக்க விரும்பும் பெயர்களை, இறைமகனின் குடும்ப வரலாறு முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

எலிசபெத் காஸ்கல் 1865 நவம்பர் 12ஆம் நாள் காலமானார். நட்ஸ்ஃபோர்டில் தாம் வளர்ந்த ஊரின் சிற்றாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நூலை எரித்தவர்களின் பெயர் எவருக்கும் நினைவில்லை. நூல் இருக்கிறது. அதைப் பங்கு நூலகத்தில் வாங்கி வைக்கலாமா என்று பங்குப் பேரவையில் விவாதம் எழுமானால், வாங்குங்கள் என்பதே என் வாக்கு. ஆனால் நூலகத்தில் ரூத்துக்கு இடம் தருவது எளிது. அவள் புத்தகமாக இருக்கிறாள், பேசமாட்டாள். வரும் ஞாயிறன்று கைக்குழந்தையோடு பின்வரிசைத் தூணருகே தனியே நிற்கும் ஒருத்தி நம் பங்கிலும் இருக்கக்கூடும். நம் இருக்கையில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் தர வேண்டும். அதுவும் அவள் உயிரோடு இருக்கும்போதே.